மாத்தாளாக வந்தவள்

சங்கம் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொண்டு இன்றைக்கும் யாராவது என் வீட்டுக்கு வருகிறார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் வருவார்கள், சில சமயம் காலேஜில் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். மீதியெல்லாம் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த தாள்களைப் பிரித்துப் படித்ததுதான். ஆனால் பேசச் சொன்னால் பேசுவேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, முதலில் பத்துப் பேர் சேருங்கள், ஒருத்தி பின்னால் ஒருத்தி நிற்கப் பழகுங்கள் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அவர்களும் குறித்துக்கொண்டு போவார்கள். அவர்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஓசூரிலிருந்து பாகலூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது. ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்த வீட்டில் கன்னடம். தெருவில் சண்டை வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். எண்பதுகளில் கம்பெனிகள் வந்தபோது நிலங்கள் போயின. அந்த நிலம் எங்களுடையது இல்லை. நாங்கள் அதில் ராகிக்குக் களை எடுத்தவர்கள், நிலக்கடலை பிடுங்கியவர்கள். நிலத்துக்காரருக்குப் பணம் வந்தது, அவர் மகனுக்குக் கம்பெனியில் வேலை வந்தது. களை எடுத்தவளுக்கு ஏதாவது தரவேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியம்மா இருந்தாள். வாயைத் திறந்தால் ஏதாவது ஒன்று விழும். "நெலம் போச்சு, சரி. களை எங்கடி போச்சு? எங்கியாச்சும் மொளைக்கும் இல்ல? அங்க போலாம் வாங்க" என்றாள்.

களை முளைத்திருந்தது. ஒரு கம்பெனியின் லேத் ஷாப்பில். இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாகப் பிசிர் விழும். கத்தி மாதிரி கூர். அதோடு மெஷினுக்கு ஊற்றுகிற வெள்ளைத் தண்ணீர் தரையெல்லாம் வழிந்து வழுக்கும். அதைக் கூட்டி அள்ளிக் கொட்ட ஒரு காண்ட்ராக்டர் ஆள் வைத்திருந்தான். அவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனான். இரண்டு நாள் பிசிர் முழங்கால் வரைக்கும் குவிந்து கிடக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். களை எடுக்கப் போகிற மாதிரி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் கேட்டில் போய் நின்றோம்.

ஆபீசர் வெளியே வந்தார். "உங்க காண்ட்ராக்டர் யாரும்மா?"

"யாரும் இல்லீங்க சார். நாங்கதான்."

"நாங்கன்னா யாரு? ஒரு பேரு வேணுமே."

"பன்னெண்டு பேரு இருக்குதுங்க சார், எது வேணும்னு நீங்களே பொறுக்கிக்குங்க" என்றாள் பெரியம்மா.

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் சங்கம் பிறந்தது என்று கூட்டங்களில் சொல்வேன். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் விதிமுறைகளை எழுதித் தந்தார். படித்தவள் என்று என்னைத் தலைவி ஆக்கினார்கள். ஆபீசர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். தினமும் பன்னிரண்டு தலை இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் காண்ட்ராக்ட் கிடையாது. பன்னிரண்டு தகர டோக்கன் வெட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர், அந்த நம்பருக்கு நேராகப் புத்தகத்தில் ஒரு பெயர்.

பன்னிரண்டு தலை என்பது எங்களுக்கு ஒரு கஷ்டமே இல்லை. கொல்லையில் களை எடுத்த காலத்திலேயே எங்கள் வழக்கம் அதுதான். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ மாத்தாள் போவாள். வரிசையில் இடம் காலியாக இருக்காது. நிலத்துக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டார், குனிந்த முதுகுகளை எண்ணுவார். கம்பெனி கேட்டிலும் அப்படித்தான் நடந்தது. காவலுக்கு இருந்தவர் பட்டாளத்திலிருந்து வந்தவர், பெரிய மீசை. டோக்கனை எண்ணுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். அதில் தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. இது எங்கள் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தோம்.

அந்த மாத்தாள்தான் அவள். எனக்கு மூன்றாவது வீடு. தெலுங்குக்காரி. புருஷன் கல் குவாரியில் வேலை செய்தான், ஆனேக்கல் பக்கம் அவனுக்குச் சொந்த ஊர். இருபத்திரண்டு வயதிருக்கும் அவளுக்கு. நாங்கள் கேட்டில் போய் நின்ற அன்று அவள் ஊரில் இல்லை, அதனால் பன்னிரண்டில் சேரவில்லை. வந்ததிலிருந்து ஒரே கேள்வி.

"அக்கா, எனக்கு எப்ப டோக்கன்?"

"அடுத்த வருசம் ஆளு சேப்பாங்களாம்டி. மொத டோக்கன் உனக்குத்தான்."

"போன வருசமும் இதேதான் சொன்ன. உன் அடுத்த வருசம் எங்க மாமியா வீட்டுக்குப் போற பஸ்சு மாதிரி. வரும் வரும்ன்றாங்க, வர்றதில்ல."

அதற்காக அவள் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. பன்னிரண்டு வீட்டில் தினமும் யாருக்காவது ஏதாவது வரும். பிள்ளைக்கு அம்மை, மாமனாருக்கு மூச்சிரைப்பு, தங்கைக்குப் பிரசவம். விடிந்ததும் கதவைத் தட்டிச் சொன்னால் போதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிடுவாள். வழியில் என்னைக் கேட்பாள்: "இன்னைக்கு நான் யாருக்கா?" நான் பெயரைச் சொல்வேன். "அய்யோ, அவளா? அப்ப இன்னைக்கு நான் புருசன திட்டிக்கினே வரணும்" என்று அந்தப் பெண்ணை மாதிரியே இடுப்பில் கைவைத்து நடந்து காட்டுவாள். ரோடெல்லாம் சிரிப்பாக இருக்கும். மூன்று வருடத்தில் அவள் வராத நாள்தான் குறைவு. ஒருநாள்கூடத் தன் பெயரில் வரவில்லை.

வருகைப் புத்தகத்தில் மற்றவர்கள் கைநாட்டு வைப்பார்கள். நான் ஒருத்திதான் கையெழுத்துப் போடுவேன். எனக்கு வெளிவேலை கூடிக்கொண்டே போனது. பேங்க், பஞ்சாயத்து ஆபீஸ் என்று அலைந்தேன். அப்போதெல்லாம் என் டோக்கனில் அவள்தான் வருவாள். அதற்காக என் கையெழுத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மண்ணில் குச்சியால் எழுதிப் பழகினாள். எழுத்துக்கூட்டத் தெரியாதவள், என் பெயரைக் கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து இழுத்து, கடைசியில் நானே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் போட்டாள். அவள் பெயரை எழுதச் சொல்லித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. அவசரத்துக்கு என்னுடையதுதானே தேவைப்பட்டது.

அந்தச் சமயத்தில் கெலமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே நாற்பது ஐம்பது பெண்கள் கூடுகிறார்கள், சங்கம் ஆரம்பிப்பது எப்படி என்று நீங்கள் வந்து பேசவேண்டும் என்றார்கள். என்னை ஒருத்தர் வாருங்கள், பேசுங்கள் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். காலையில் டோக்கனை அவள் கையில் கொடுத்தேன்.

"தலைவியம்மா பேசப் போறாங்க" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "என்னப் பத்தியும் ஒரு வார்த்த சொல்லுக்கா."

"உன்னப் பத்தி எப்டிடி சொல்றது? வெளிய தெரிஞ்சா டோக்கன புடுங்கிடுவாங்க."

"அதுவும் சரிதான். நல்லா பேசு. நடுவுல தண்ணி குடிக்காத, பயந்துட்டன்னு நெனச்சிக்குவாங்க."

நன்றாகத்தான் பேசினேன். தண்ணீர் குடிக்கவில்லை. "எங்க சங்கத்துல பன்னெண்டு ஒருநாளும் பதினொண்ணு ஆனதில்ல" என்று சொன்னபோது கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினாள் ஒரு அம்மா. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கும்.

அதே நேரத்தில் லேத் ஷாப்பில் ஒரு மெஷினில் நீளமான பிசிர் சுற்றிக்கொண்டு தொங்கியிருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டு எடுக்கவேண்டும். நிறுத்தச் சொல்லிக் கேட்டால் கத்துவார்கள், அதனால் ஓடும்போதே கம்பியால் இழுத்து எடுப்பது வழக்கமாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் செய்ததுதான். அவள் இழுத்திருக்கிறாள். கால் வழுக்கியிருக்கிறது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

நான் பஸ் இறங்கும்போது பெரியம்மா ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து ஒன்றும் விழவில்லை. என் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். மருந்து மயக்கம். என்னைப் பார்த்ததும், "அக்கா, டோக்கன் எண்ணெ ஆயிடுச்சு. தொடச்சி குடுத்தாங்களா?" என்று கேட்டாள். பிறகு, "எனக்கு இனி டோக்கன் தர மாட்டாங்க இல்ல?" என்றாள்.

"தருவாங்கடி. நான் வாங்கித் தரன்" என்றேன்.

மறுநாள் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. வருகைப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுங்க சார்."

"அப்ப நேத்து நீ வேலையில இருந்திருக்கே. உன் கையக் காட்டு." காட்டினேன். "பத்து வெரலும் இருக்கு. டோக்கன்காரிக்குக் காயமில்லம்மா. காயம்பட்டவளுக்கு டோக்கன் இல்ல. அப்ப அந்தப் பொண்ணு யாரு, எதுக்கு உள்ள வந்தா?"

அவரே சொன்னார். மூன்று வருடமாக ஆள் மாற்றி அனுப்பினோம் என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே காண்ட்ராக்ட் போய்விடும், பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். இல்லை, உனக்குச் சோறு கொண்டுவந்த பெண், தானாக மெஷின் பக்கம் போனாள் என்று சொன்னால் எல்லாம் இப்படியே ஓடும். "யோசிச்சிச் சொல்லு" என்றார்.

பன்னிரண்டு பேரும் என் வீட்டில் உட்கார்ந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்திக்கு வீட்டில் படுத்த புருஷன், ஒருத்திக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற மகள். "அவளுக்கு நாம செய்வம்டி. நம்ம வூட்டுச் சோத்துல ஆளுக்கு ஒரு கை போட்டாக்கூட அவ பொழச்சிக்குவா. வேலையே போச்சுன்னா யாரு யாருக்குப் போடறது?" என்றாள் ஒருத்தி. நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் படுகிற பேச்சை நான் அதற்கப்புறம் ரொம்ப நேரம் நம்புவதில்லை.

அவள் புருஷன் யாரையோ பிடித்து மனு எழுதிப் போட்டிருந்தான். விசாரிக்க ஒரு அதிகாரி கம்பெனிக்கே வந்தார். ஆபீஸ் அறையில் அவர் உட்கார்ந்திருந்தார், மேசையில் வருகைப் புத்தகம் திறந்திருந்தது. ஒரு பக்கம் நான். எதிர்ப்பக்கம் அவளும் அவள் புருஷனும். கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கி லேசாகச் சிரித்தாள், பயப்படாதே என்கிற மாதிரி. நான் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"அன்னைக்கு வேலையில இருந்தது யாரும்மா?"

"நான்தாங்க சார்."

"இந்தப் பொண்ணு?"

"எனக்குச் சோறு கொண்டாந்துது சார். பக்கத்து வீடு."

அவள் சிரிப்பு போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் இருந்தது, எடுத்து வைக்க இடம் தெரியாத சாமான் மாதிரி. அவள் புருஷன் மேசையைத் தட்டிக் கத்தினான். "பொய் சார்! மூணு வருசமா வேல செஞ்சா. இந்தக் கையெழுத்துகூட இவ போட்டதுதான் சார்!"

அதிகாரி அவளிடம் ஒரு தாளை நகர்த்தினார். "போட்டுக் காட்டும்மா."

அவள் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். அதிகாரி தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"சரி, நீயே சொல்லு. வேலைக்கு வந்தியா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பதினொரு பேரும் துடைப்பத்தோடு நின்றிருந்தார்கள். அவர்களையும் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், தெளிவாக, "இல்லீங்க சார். சோறுதான் கொண்டாந்தன்" என்றாள்.

புருஷன் அவளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனான். அவளை நான் வீட்டுக்குக் கூட்டிப்போகப் போனபோது, தோளிலிருந்து என் கையை எடுத்துவிட்டு, தானே நடந்தாள். அந்த மாதமே ஆனேக்கல் பக்கம் போய்விட்டார்கள். ஆளுக்கு ஒரு கை சோறு போட வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை.

சங்கம் ஓடியது. நன்றாகவே ஓடியது. இரண்டாவது கம்பெனி வந்தது, மூன்றாவது வந்தது. மெஷினை நிறுத்தாமல் எங்கள் ஆள் ஒருத்தியும் கை வைக்க மாட்டாள் என்று நான் எழுதி வாங்கினேன். மாத்தாளுக்கும் தனிப் பெயர், தனி டோக்கன் என்று எழுதி வாங்கினேன். அதையெல்லாம் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் மெச்சினார்கள். புதிய டோக்கன்கள் வெட்டியபோது முதல் டோக்கனில் அவள் பெயரைப் பதியச் சொன்னேன். அதை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். போவதற்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

ஆனேக்கலில் இறங்கி, விசாரித்து விசாரித்துப் போனேன். வாசலில் இடது கையால் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று விரல் போன கை முறத்தின் அடியைத் தாங்கியிருந்தது. முகம் பருத்து, முன்தலையில் நரை. என்னைப் பார்த்து எழுந்தாள்.

"வாங்க. உள்ள வாங்க."

என்னை அவள் 'வாங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாய் விரித்தாள், மோர் கொடுத்தாள், எங்கள் தெருவில் ஒவ்வொருத்தரையும் விசாரித்தாள். பெரியம்மா செத்துப்போனதைச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் அழுதாள். டோக்கனை எடுத்து வைத்தேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள், தன் பெயர் எது என்று கேட்டாள், விரலால் தடவினாள், பிறகு என் மடியிலேயே வைத்துவிட்டாள்.

"இந்தக் கைய வெச்சிக்கினு தொடப்பம் எப்டி புடிக்கறது? வேணாங்க."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பேசியே பிழைத்த எனக்கு நாலு வார்த்தை சேர்ந்து வரவில்லை. அவள் கையை அசைத்து நிறுத்தினாள். "அதெல்லாம் வுடுங்க. உங்களால ஒண்ணு ஆவணும். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. எங்கம்மா கம்பெனியில வேலை செஞ்சாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாளாம். பொய்யின்னு சிரிச்சாங்களாம். எங்க மாமியாவும் அப்டித்தான் சொல்லுது. எங்கியோ கைய வுட்டுட்டு வந்து கதை சொல்றேன்னு. நான் வேலை செஞ்சன்னு ஒரு தாளுல எழுதிக் குடுங்க."

"இங்க யாருடி தமிழ் படிப்பாங்க? எல்லாம் கன்னடமாச்சே."

"யாரும் படிக்க வாணாம். எங்கிட்ட இருக்கட்டும்."

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தாள். இன்னார் எங்கள் சங்கத்தில் மூன்று வருடம் வேலை செய்தார் என்று எழுதினேன். அதோடு நின்றுவிட்டேன். என்றைக்கெல்லாம் வந்தாள், யாருக்காக வந்தாள் என்று எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை. காலையில் கதவைத் தட்டினோம், வந்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள், நான் எழுதினேன். உங்க பெரிய பையனுக்கு அம்மை போட்டப்ப பதினோரு நாளு. பெரியம்மா கண்ணாஸ்பத்திரிக்குப் போனப்ப நாலு நாளு. தெருக்கோடி வூட்டுக்காரிக்குக் கொழந்த பொறந்து, அது மூணாம் நாளே செத்துப்போச்சே, அப்ப ஒரு மாசம். அவ புருசன் அடிச்சி கண்ணு வீங்கி வெளிய வர முடியாம இருந்தாளே, அதுக்கு ரெண்டு நாளு. நாங்கள் பன்னிரண்டு பேரும் பட்ட கஷ்டம் ஒன்றுவிடாமல் வந்தது. எங்களுக்கே மறந்துபோனவையும் வந்தன. தாள் நிறைந்து, பின்பக்கமும் நிறைந்தது.

கடைசியாகச் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பறம் நீங்க கெலமங்கலம் போனப்ப ஒரு நாளு" என்றாள்.

எழுதினேன்.

"அன்னைக்கு எத்தன பேரு வந்திருந்தாங்க?"

"அம்பது பேரு இருக்கும்."

"அவங்க சங்கம் ஆரம்பிச்சாங்களா?"

ஆரம்பித்தார்கள் என்று சொன்னேன். "நல்லாயிருக்கட்டும்" என்று தாளை வாங்கி, மடித்து, சேலையில் செருகிக்கொண்டாள்.

ஆரம்பித்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அப்புறம் நான் கெலமங்கலம் பக்கமே போனதில்லை.